முதல் திருத்தம்: எல்லைப்புற மாணவருக்கு ஒரு வாய்ப்பு

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவர் பலர் உள்ளனர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளரும் இவர்கள், பள்ளிக் கணினியில் பயன்படுத்துவது கட்டற்ற மென்பொருளாகும். 2001இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், 2017இல் 'கைட்' நிறுவனமாக உருப்பெற்றது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அந்நிறுவனம் வழங்கும் இயங்குதளத்தில் லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் முதலியவை இடம்பெறுகின்றன. இவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம்.

அத்தகைய திருத்தத்துக்குப் 'பேட்ச்', அதாவது ஒட்டு, என்று பெயர். காகித நாடாவில் துளையிட்டு நிரல் எழுதிய காலத்தில், தவறான துளையின்மேல் காகிதத் துண்டை ஒட்டி மூடினர். பெயர் அவ்வாறு வந்தது. இன்று அப்பணிக்குப் பெரிதும் பயன்படுவது, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்'. 1991இல் அவர் தொடங்கிய லினக்ஸ் கருநிரலே ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இயங்குகிறது. அக்கைபேசியில் நாம் பணம் செலுத்தும்போதெல்லாம், உலகெங்கும் பல்லாயிரவர் அனுப்பிய திருத்தங்களை நம்பியே செலுத்துகிறோம்.

முதல் திருத்தத்துக்கு நிரலறிவு இன்றியமையாததன்று. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆங்கிலத்தில் பக்க எண் முன்னும் மொத்த எண்ணிக்கை பின்னும் வரும். தமிழில் மொத்தமே முன்வரும். மொழிபெயர்ப்பில் இவ்வரிசையை மாற்றாது விட்டால், "5 பக்கங்களில் 2ஆம் பக்கம்" என்று வரவேண்டியது "2 பக்கங்களில் 5ஆம் பக்கம்" என்று தோன்றும். கணினி இதனைப் பிழையென உணராது. தமிழறிந்த மாணவர் உடனே உணர்வார். மலையாளத்திலும் வரிசை தமிழைப் போன்றதே. ஆதலின் இருமொழி அறிந்தவர் இரண்டிலும் சரிபார்க்கலாம்.

பிழையைக் கண்டவுடன், வேறு எவரேனும் முன்பே தெரிவித்துள்ளனரா எனப் பார்க்க வேண்டும். பின்னர்த் திட்டத்தின் வழிகாட்டுக் குறிப்பைப் படித்து, ஒரு பிழையை மட்டும் திருத்தி, இயக்கிச் சோதித்து, மாற்றியது என்ன, ஏன் என்பதைச் சுருக்கமாக எழுதி அனுப்புதல் வேண்டும். ஐந்து திருத்தங்களை ஒன்றாக அனுப்பினால், ஒன்றில் எழும் ஐயம் மற்ற நான்கையும் நிறுத்திவிடும்.

அனுப்பியது குறிப்புகளோடு திரும்பி வரலாம். பலர் இந்நிலையில் மனம் தளர்ந்து விலகுகின்றனர். காசோலையின் கையொப்பத்தை ஒப்புநோக்குவது அதனைத் தந்தவரை இழிவுபடுத்துவதாகாது; இதுவும் அத்தகையதே. லினக்ஸ் திட்டத்தில், திருத்தத்தை வழங்கும் உரிமை தமக்குண்டு என அனுப்புவோர் தம் பெயரிட்டு உறுதியளிக்கும் முறை 2004 முதல் நடைமுறையில் உள்ளது.

வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திருத்தத்துடன் செல்லும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் நெடுங்காலம் பொதுவெளியில் நிற்கும். எனவே இதற்கெனத் தனி முகவரி வைத்துக்கொள்வது நன்று. கடவுச்சொல்லோ, கணக்கு விவரம் தெரியும் திரைப்படமோ அதில் இடம்பெறலாகாது. திருத்தத்தை ஏற்பதற்கு எவரேனும் கட்டணம் கேட்டால், அது மோசடி என அறிக.

ஏற்கப்பட்ட திருத்தம் அடுத்த பதிப்பில் சேர்ந்து, தமிழில் அம்மென்பொருளைத் திறக்கும் அனைவரையும் சென்றடையும். மூணாறில் ஒரு மாணவி சரிசெய்யும் ஒரு வரி, யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் பிழையின்றித் தோன்றும். அவ்வரியை எழுதத் தம் பிள்ளைகளை ஊக்குவிக்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.