மிதிச்சா சுகம், நிறுத்தினா திகில்!
சென்னையில் சைக்கிள்காரர்கள் படும் பாடு

காலை 5 மணிக்கு காமராசர் சாலைக்குப் போய்ப் பாருங்கள்.

உழைப்பாளர் சிலையில் இருந்து கலங்கரை விளக்கம் வரை நேர் ரோடு. இடது பக்கம் கடல். ஜிலுஜிலு காற்று. நாலு மிதி மிதித்தால் போதும், சைக்கிள் தானாக ஓடும்.

பெட்ரோல் வேண்டாம். லைசென்சு வேண்டாம். இன்சூரன்சு வேண்டாம். சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரங்கட்ட மாட்டார்.

முன்பு அப்படி இல்லை. தமிழ்நாட்டு ஊர்களில் சைக்கிளுக்கும் வரி கட்டி, வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனாலும், "டபுள்ஸ்" அடித்தாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். காற்றைப் பிடுங்கி விட்டு, "தள்ளிக்கிட்டே போ" என்று அனுப்பிய காலம் அது.

இன்று அந்தத் தொல்லை ஒழிந்தது. வேறு தொல்லை வந்து விட்டது!

மேடு என்றால் பாலம்

சென்னை சமதளமான ஊர். மிதிக்கத் தோதானது. சைக்கிளுக்குப் பேர் போன ஊரும் கூட. டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949-ல் தொடங்கியது இங்கேதான். ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் அம்பத்தூரில் உருவாகி ஊர் ஊராகப் போயின.

இந்த ஊரில் மேடு என்றால், பரங்கிமலைப் பக்கத்தை விட்டால், பாலம்தான். 1973-ல் ஜெமினி மேம்பாலம் வந்தது. அப்புறம் பாலத்துக்கு மேல் பாலம்! கேரியரில் மூட்டையோடு வருகிறவர் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பின்னால் வரும் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கும்.

"ஓரமா போய்யா!" என்று ஒரு அதட்டல் வேறு.

ஓரம் எங்கே இருக்கிறது? ஓரத்தில் கார் நிற்கிறது. கார்க்காரர் திடீரென்று கதவைத் திறக்கிறார். அதைத் தாண்டினால் மழைநீர் வடிகாலின் இரும்புச் சல்லடை மூடி. கம்பி இடைவெளியில் முன்சக்கரம் இறங்கினால் ஆள் அம்பேல். மெட்ரோ வேலைக்காக ஆற்காடு சாலையில் தகரம் அடித்து ரோட்டைப் பாதியாக்கியபோது, பஸ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே நசுங்கிப் போனது சைக்கிள்தான்.

சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் அவர்களுக்கே என்றது. 2019-ல் வாடகை சைக்கிள்கள் வந்தன. அதே ஆண்டு பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையும் திறந்தார்கள்.

சைக்கிளுக்குத் தனிப் பாதை? பெரும்பாலான சாலைகளில் மருந்துக்கும் கிடையாது.

கண் மூடித் திறப்பதற்குள்...

ஓட்டும்போது இடி, உதை என்றால், நிறுத்தினால் இன்னொரு பயம். திருட்டு!

டீ குடிக்க ஒதுங்கி, கிளாசைக் கீழே வைப்பதற்குள் சைக்கிள் மாயம். பூட்டினாலும் பயன் இல்லை. சில்லறைத் திருடர்களுக்கு அந்தச் சின்னப் பூட்டு ஒரு பொருட்டே அல்ல. சில கில்லாடிகள் பூட்டைத் தொடுவதே இல்லை. பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள்.

பறிகொடுப்பவர் யார்? கீரை விற்பவர். நைட் டூட்டி வாட்ச்மேன். ராத்திரியில் கேன் வைத்து டீ விற்பவர். அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் 11-ம் வகுப்பு பிள்ளை.

இவர்களுக்குத்தான் சட்டமும் ஒரு முட்டுக்கட்டை போட்டிருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் 379-வது பிரிவு. பொருளின் விலை எதுவானாலும் போலீசார் நேரடியாக வழக்குப் போட்டு விசாரிக்கலாம். 2024 ஜூலை 1-ந் தேதி அந்தச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதன் 303-வது பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடியவன் முதல் தடவை தண்டனை பெற்றால், பொருளைத் திருப்பிக் கொடுத்து விட்டால் சமூக சேவைதான் தண்டனை. அது கூடப் பரவாயில்லை. அதோடு வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி, இந்த மாதிரி சின்னத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரிக்க முடியாது!

பத்து வருஷம் ஓடிய சைக்கிளுக்கு 5,000 ரூபாய் மதிப்பு யார் போடுவார்கள்?

ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டு கோர்ட்டைக் கை காட்டலாம். கீரைக்காரர் கோர்ட் வாசலில் நின்றால் அன்றைக்குக் கீரை வாடி விடும்.

சைக்கிளின் பெடல் அச்சுக்கு அடியிலோ, சீட்டுக்குக் கீழோ பிரேம் நம்பர் அடித்திருப்பார்கள். அதைக் குறித்து வையுங்கள். கடை பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சங்கிலியை சக்கரத்தோடு மட்டும் கட்டாமல், பிரேமையும் சேர்த்துக் கம்பத்தில் கட்டுங்கள்.

நம்பர் தெரியாவிட்டால், திருடன் பிடிபட்டாலும் கஷ்டம்தான். போலீஸ் ஸ்டேஷன் சுவர் ஓரம் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள்களில் "இதுதான் என்னோடது" என்று கையைக் காட்ட ஒரு அடையாளம் வேண்டுமே!