மும்பைக்குப் புறப்பட்ட மூவர்

சித்தூர், திருப்பதிப் பக்கம் பிழைப்பை நாடி வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில் பெரியோர் பேசுவது தமிழ். பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பது தெலுங்குப் படம். இதில் குறை கூற ஒன்றுமில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகனுடன் அமர்ந்து பார்த்த அத்தகைய படம் ஒன்றைப் பற்றி அன்பர்களுக்குச் சில சொல்ல விழைகிறேன்.

2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்த 'மிஷன் இம்பாசிபிள்' என்பது அப்படம். ஆங்கிலத் தலைப்பில் 'மிஷன்' என்ற சொல்லை வேண்டுமென்றே பிழையாக எழுதியிருக்கிறார்கள். கதை நாயகர்களின் கல்வி அத்தகையது! இயக்கியவர் ஸ்வரூப் ஆர்.எஸ்.ஜே. இவர் 2019-இல் எடுத்த 'ஏஜெண்ட் சாய் சீனிவாச ஆத்ரேயா'வில், நெல்லூரில் துப்பறியும் தொழில் நடத்தும் இளைஞன் ஒருவன், இருப்புப்பாதையோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் பிணங்களின் மர்மத்தை ஆராய்வான். இரயில்வே ஊழியனாகிய எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இப்படத்தின் துப்பறிவாளர்களோ மீசை அரும்பாத மூன்று சிறுவர்கள். ரகுபதி, ராகவா, ராஜாராம் என்பன பெயர்கள். ஊர், நமக்கு அண்மையிலுள்ள வடமாலப்பேட்டை. (படம் வெளிவந்து மூன்று நாள் கழித்துத் திருப்பதி மாவட்டம் சித்தூரினின்று பிரிந்தது, அவ்வூரும் அதனுள் சென்றது.) தாவூத் இப்ராகிமைப் பிடித்துக் கொடுத்தால் பெரும் பரிசு என்று கேள்வியுற்று, வீட்டில் சொல்லாமல் மும்பைக்குப் புறப்படுகிறார்கள், போய்ச் சேர்வது பெங்களூர்! ரேணிகுண்டாவில் மும்பை வண்டி கடப்பை, குந்தக்கல் வழியே வடமேற்கே செல்லும்; பெங்களூருக்கோ காட்பாடி, ஜோலார்பேட்டை மார்க்கம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள அசாத்தியத் திறமை வேண்டும்.

அங்கே பிள்ளைகளைக் கடத்தி விற்கும் கூட்டத்தை வேவு பார்க்கும் பத்திரிகைப் பெண்மணியை, தாப்ஸி பன்னு நடித்த பாத்திரத்தை, அவர்கள் சந்திக்கிறார்கள். முற்பாதியின் நகைச்சுவை மிக நன்று. பிற்பாதியில் சிறுவர்கள் கொடியவர்களை எளிதில் ஏமாற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

ஒப்பாமைக்குக் காரணம் உண்டு. ஈராண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என் பயணச்சீட்டுச் சாளரத்தில் இரு சிறுவர்கள் வந்து நின்றனர். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கலாம். "பெங்களூருக்கு ரெண்டு சீட்டு" என்றான். நீட்டிய பணம் மஞ்சள் துணியில் முடிந்திருந்தது. எவர் வீட்டுப் பூசை மாடத்திலோ ஏழுமலையானுக்கு முடிந்து வைத்த காணிக்கை. உடன் வந்தவர் யாரென்று வினவினேன். "மாமா வெளியே நிக்கிறாரு" என்றான். வெளியே எந்த மாமாவும் இல்லை. பாதுகாப்புப் படைக் காவலரை அழைத்தேன். அவர் பரிவோடு பேசப் பேச, இளையவன் அழத் தொடங்கினான். பள்ளியில் மதிப்பெண் குறைந்ததாம். தந்தையிடம் சொல்ல அஞ்சினார்களாம். குழந்தைகள் நலக் குழுவின் வாயிலாக மறுநாள் பெற்றோரிடம் சேர்ந்தனர். அத்தந்தை வந்து நின்ற கோலத்தை நான் மறக்கவில்லை. ஒரு சொல்லும் கடியவில்லை; பிள்ளைகளின் காலில் செருப்பு உண்டா என்றுதான் முதலில் பார்த்தார்.

எல்லாச் சாளரத்திலும் ஒருவன் கேட்பான் என்பதற்கு உறுதியில்லை. சீட்டே வாங்காமல் ஏறுவோரும் உளர். தனித்துத் திரியும் பிள்ளையைக் கண்டால் 1098-க்கும், வண்டியிலாயின் 139-க்கும் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

படம் முடிந்ததும் என் மகன், "அப்பா, மும்பை வண்டி ரேணிகுண்டாவுக்கு எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டான். அவனுக்கு வயது பதினொன்று. எனக்குத் திக்கென்றது. ஆயினும் மறைக்காமல் நேரத்தையும் வழியையும் சொன்னேன். பின்னர், "ஏன் கேட்டாய்?" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, கணக்குத் தேர்வுத் தாளைப் பையிலிருந்து எடுத்து வந்தான்.