பாதையில் மட்டும் ஏன் பனிக்கட்டி?

நம் ஊர் கத்திரி வெயிலை எதிர்பார்த்திருக்கும் ஏப்ரல் மாதத்தில், கனடாவின் ராக்கி மலைகளில் உள்ள பான்ஃப் என்ற சிற்றூரில் அப்போதுதான் குளிர்காலம் மூட்டை கட்டத் தொடங்கும். மலை மேலே ஆட்கள் இன்னும் பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருப்பார்கள். கீழே ஊருக்குள் பனி கரைந்து தெருவோரமெல்லாம் தண்ணீர் ஓடும். வசந்தத்தின் முதல் நடைக்கு இதுதான் நேரம். வாருங்கள், போவோம்.

ஊரை ஒட்டியே ஒரு சின்ன மலை இருக்கிறது. பெயர் டனல் மலை. டனல் என்றால் சுரங்கம். ஆனால் இங்கே சுரங்கம் எதுவும் கிடையாது! 1880களில் ரயில் பாதைக்கு இடம் பார்க்க வந்தவர்கள் இந்த மலையைக் குடையலாம் என்று திட்டமிட்டார்கள். பிறகு சுற்றிப்போக வழி கிடைத்துவிட்டது. திட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பக்கத்துத் தொல்குடி மக்களுக்கு இது ‘உறங்கும் காட்டெருமை’. எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

ஊர் இருப்பதே கடல்மட்டத்திலிருந்து 1,383 மீட்டர் உயரத்தில். மலை உச்சி சுமார் 1,690 மீட்டர். ஆகவே நாம் ஏற வேண்டியது முந்நூறு மீட்டர்தான்.

காலை எட்டு மணி. காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு விந்தை. இருபுறமும் மரத்தடியில் பனியே இல்லை. பழுப்பு நிற ஊசியிலைகளும் ஈரமான பாசியும் தெரிகின்றன. ஆனால் நாம் நடக்க வேண்டிய பாதை மட்டும், மலையைச் சுற்றிக் கட்டிய வெள்ளை நாடா போலப் பளபளவென்று பனிக்கட்டியாகக் கிடக்கிறது. காலை வைத்தால் சர்ரென்று வழுக்குகிறது. மற்ற இடமெல்லாம் கரைந்த பனி பாதையில் மட்டும் ஏன் கரையவில்லை?

முதல் காரணம், நடந்தவர்களின் கால்கள்.

புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. அதில் பெரும்பகுதி காற்றுதான். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்த புதுப்பனியை உருக்கினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். குளிர்காலம் முழுக்க எத்தனையோ காலணிகள் அதை மிதிக்கின்றன. உள்ளே இருந்த காற்று வெளியேறி, பனி இறுகிக் கெட்டியாகிறது. பகலில் மேலாக உருகும் கொஞ்சம் நீரும் அங்கேயே தேங்கி, இரவில் உறைந்து, இன்னொரு அடுக்காகச் சேர்ந்துகொள்கிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் துணியில் சுற்றி, குழவியால் தட்டித் தூளாக்கி ஒரு தட்டில் பரப்புங்கள். மற்றதை முழுசாக இன்னொரு தட்டில் வையுங்கள். தூள் முதலில் கரைந்துவிடும். காற்று படும் பரப்பு அதற்கு அதிகம் அல்லவா? காட்டுப் பனி அந்தத் தூள் போல. பாதைப் பனி முழுக்கட்டி போல.

இன்னொரு காரணம் மரங்கள். கிளைகள் குடை பிடித்துப் பனியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால், மரத்தடிக்கு வந்து சேர்வதே குறைவு. பாதைக்கு மேலே அந்தக் குடை இல்லை. கருத்த அடிமரம் வேறு வெயிலை வாங்கிச் சூடாகி, பக்கத்துப் பனியை உருக்குகிறது. பனி மிச்சமிருக்கும் இடத்தில் உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் கிண்ணம் போல ஒரு பள்ளம் இருக்கும்.

ஆகவே காலணிக்கு அடியில் சின்னச் சின்ன இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு, மெதுவாக ஏறுவோம்.

வெயில் நேராக விழும் ஒரு திறந்த சரிவு வருகிறது. அங்கே பனி போய், காய்ந்த புல்லுக்கு நடுவே ஓர் ஊதாப் பூ! பிரெய்ரி குரோக்கஸ். மண்டியிட்டுப் பக்கத்தில் பாருங்கள். தண்டு, மொட்டு எல்லாம் வெள்ளி மயிர்; பூனைக்குட்டியின் காது போல இருக்கிறது. அந்த மயிர் குளிர்காற்றைத் தடுக்கும் கம்பளிச் சட்டை. கிண்ணம் போல் விரிந்த இதழ்கள் வெயிலை நடுவில் சேர்த்துக்கொடுப்பதால், பூவின் உட்புறம் வெளியைவிடக் கதகதப்பாக இருக்கும். குளிரில் பறக்கச் சிரமப்படும் பூச்சிகளுக்கு இதைவிட நல்ல விருந்தினர் அறை ஏது?

அதோ, புதருக்கு அடியில் ஏதோ அசைகிறது. முயல்! முகமும் முதுகும் பழுப்பு, வயிறும் கால்களும் இன்னும் வெள்ளை. ஸ்னோஷூ முயல் என்று பெயர். பனியில் புதையாமல் ஓட, அதன் பின்னங்கால்கள் முறம் போல அகலமானவை. குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு என்று உடை மாற்றும். எப்போது மாற்றுவது என்று அதற்கு யார் சொல்வது? பனியா? இல்லை. பகல் நீள்வதைக் கண்கள் உணர்ந்து உடலுக்குச் சொல்கின்றன. பழைய மயிர் உதிர்ந்து புதுமயிர் வளரப் பல வாரங்கள் ஆகும்.

இங்கேதான் எனக்குக் கவலை. பகலின் நீளம் ஆண்டுதோறும் மாறாது; ஏப்ரல் பத்தாம் தேதியின் பகல் எந்த ஆண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் உலகம் சூடாவதால் பனி சீக்கிரம் கரைகிறது. பழுப்பு மண்ணில் வெள்ளை முயல் உட்கார்ந்திருந்தால், லின்க்ஸ் என்ற காட்டுப்பூனைக்கு அது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முயலுக்கோ தான் வெள்ளையாக இருப்பது தெரியாது. ஒளிந்திருப்பதாக நினைத்து அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

உச்சிக்கு வந்துவிட்டோம். கீழே ‘போ’ என்ற ஆறு வளைந்து வளைந்து போகிறது. ஆற்றங்கரை மரங்களில் பச்சை எட்டிப்பார்க்கிறது. எதிர் மலையின் மேற்பாதி இன்னும் முழு வெள்ளை. ஆயிரம் மீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குளிர் கூடும். அதனால் வசந்தம் அடிவாரத்தில் தொடங்கி, நம்மைப் போலவே மெல்ல மெல்ல மலையேறுகிறது. பக்கத்திலுள்ள லூயிஸ் ஏரியின் பனிக்கட்டி முழுதாகக் கரைய மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும்.

இறங்கும்போது மதியம் இரண்டு மணி. காலையில் கண்ணாடி போல் இருந்த பாதை இப்போது கூழாகிவிட்டது. பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடும் களகளச் சத்தம் காலுக்குக் கீழே கேட்கிறது. பொழுது சாய்ந்ததும் அது மறுபடி உறையும்; நாளைக் காலை வருகிறவர்களும் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.