கறவைப் பசுக்களில் நஞ்சுக்கொடி தங்குதல்

பசு கன்று ஈன்ற பின்னர், நஞ்சுக்கொடி சாதாரணமாய் 3 முதல் 8 மணி நேரத்திற்குள் தானே விழுந்துவிடும். 12 மணி நேரம் கடந்தும் விழாதிருப்பின் கொடி தங்கிவிட்டதென்று கொள்ளவேண்டும். கருப்பையின் உட்புறத்தில் பொத்தான் போன்ற குமிழ்கள் 70 முதல் 120 வரை உள்ளன. கொடியின் நுண்ணிய தந்துக்கள் இவற்றில் விரல் கோத்தாற்போல் பொருந்தியிருந்து, கன்றுக்கு ஆகாரம் ஊட்டுகின்றன. கருச்சிதைவு, குறைமாத ஈற்று, இரட்டைக் கன்று, வருந்தி ஈனுதல், பால் சுரம், நெடுநாள் பசுந்தீவனமின்மை ஆகியவற்றால் இப்பிணைப்பு உரிய காலத்தில் நெகிழாது போகிறது.

தொங்கும் கொடியில் செங்கல்லையோ பழஞ்செருப்பையோ கட்டிவிடும் வழக்கம் கிராமங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பாரத்தால் கொடி அறுந்து, மிகுதி உள்ளேயே நின்று அழுகும். கருப்பையே வெளித்தள்ளுவதும் உண்டு. கையை விட்டுப் பிரித்தெடுப்பதும் தகாது. மருத்துவர்களே முன்னர் அவ்வாறு செய்துவந்தனரெனினும், அதனால் குமிழ்கள் புண்பட்டு, பசு மறுமுறை சினை பிடிப்பது தாமதிக்கிறதென்று பின்னர் தெளிவாயிற்று. மண்ணில் புரளும் பகுதியை மட்டும் சுத்தமான கத்தியால் நறுக்கி விடலாம். எஞ்சியது சில நாட்களில் தானே கழன்று விழும். அதுவரை நாள்தோறும் உடல் வெப்பத்தைப் பார்த்து வரவேண்டும். அது 103 டிகிரிக்கு மேற்பட்டாலும், பசு தீனி எடாவிட்டாலும் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைப்பதே உத்தமம். ஊசிமருந்து கொடுத்த பசுவின் பாலை அவர் குறிக்கும் நாள்வரை விற்றலாகாது.

ஐந்தாம் மாதத்திற்குப் பின் கருச் சிதைந்து, கொடியும் தங்குமாயின் புருசெல்லா நோயோவென்று ஐயுறவேண்டும். இதன் கிருமியை டென்மார்க் தேசத்துப் பெர்ன்ஹார்ட் பாங் என்பவர் 1897ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இது மனிதரையும் பற்றும். கைப்புண் வழியாகவும், காய்ச்சாத பால் வழியாகவும் உட்புகுந்து, விட்டுவிட்டு வரும் சுரத்தையும் மூட்டுவலியையும் உண்டாக்கும். ஆதலின் கொடியை வெறுங்கையால் தொடலாகாது; கர்ப்பிணிகள் அருகே செல்லவும் வேண்டாம். பால் பெருகுமென்று அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது பழைய வழக்கம். காக்கையும் நாயும் அதைக் குதறிச் சிதறினால், நோய் ஊரெங்கும் பரவும். ஆழமாய்க் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும்.

இந்நோய்க்குரிய தடுப்பூசி, 4 முதல் 8 மாத வயதுடைய கிடாரிக் கன்றுகளுக்கு ஒரே முறை போடப்படுவது. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் இது சேர்க்கப்பட்டது. சினைப்பசுக்களுக்கும் காளைகளுக்கும் இது ஆகாது. அவ்வயதுக் கிடாரிகளின் ஜாபிதா ஒன்றைக் கிராம அதிகாரிகள் முன்னரே தயாரித்து வைப்பின், ஊசி போட வருவோர் ஒரு கன்றையும் விடாது முடித்துச் செல்லலாம்.