கத்தியா? கதிரா?

சிறுநீரகங்கள் ஓயாது வடித்தனுப்பும் நீரைச் சேர்த்துவைத்து, வேண்டும்போது வெளியேற்றும் தசைப்பையே சிறுநீர்ப்பை. அதன் உட்புறச் சவ்வில் தோன்றும் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலே தலையாய காரணம் என்பர். வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் கலந்து வருவதே பெரும்பாலும் இதன் முதல் அடையாளம். நோய் சவ்வோடு நின்றிருந்தால், சிறுநீர்த்துளை வழியே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடலாம். தசைக்குள் புகுந்துவிட்டாலோ கடினமான கேள்வி எழுகிறது. பையையே அகற்றிவிடுவதா? அல்லது பையை வைத்துக்கொண்டு கதிர்வீச்சால் நோயை அழிப்பதா?

எவ்வழியில் சென்றாலும், உடல் தாங்குமாயின், கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையும் சேர்க்கப்படுகிறது. கத்தியும் கதிரும் ஓரிடத்தில் மட்டுமே வேலை செய்வன. உடலில் சிதறிவிட்ட நோய்ச் செல்களை இரத்தத்தோடு ஓடும் மருந்தே தேடிச் செல்லும். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 317 நோயாளிகள் இடம்பெற்றனர். அறுவைக்கு முன் மருந்து பெற்றோரில் பாதிப்பேர் 77 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். அறுவை மட்டும் பெற்றோர்க்கு இந்த அளவு 46 மாதங்களே. கதிருக்கும் மருந்து துணைபுரிகிறது. 360 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து, 2012இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டுகள் வரை இடுப்புப் பகுதியில் நோய் திரும்பாதிருந்தோர், கதிர் மட்டும் பெற்றோரில் 54 விழுக்காடு; மருந்தும் சேர்த்துப் பெற்றோரில் 67 விழுக்காடு.

இரு வழிகளிலும் இழப்பு உண்டு. அறுவையில் ஆண்களுக்குப் பையோடு புராஸ்டேட் சுரப்பியும், பெண்கள் பலருக்குக் கருப்பையும் அகற்றப்படும். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீர் வெளியேற வயிற்றில் வாயில் அமைப்பர்; வெளியே ஒரு பையை ஒட்டிக்கொண்டே வாழ வேண்டும். சிலருக்குக் குடலாலேயே புதுப்பை அமைப்பதும் உண்டு. கதிர்வழியில் சென்றவருக்கோ சொந்தப் பை நிலைக்கும். ஆனால் நான்கு முதல் ஆறரை வாரம் வரை மருத்துவமனைக்கு நடக்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லையும் குடல் எரிச்சலும் வரலாம். பல்லாண்டுகள் பையினுள் குழாய் விட்டுப் பார்த்துவர வேண்டும். நோய் திரும்பினால் கத்தி தேவைப்படலாம்.

எது அதிக ஆயுள் தரும்? இரு சாராரின் ஆயுளையும் கணக்கிட்டால் போதாதோ எனத் தோன்றும். போதாது. நெடுங்காலமாக உடல் திடமுள்ளோர் அறுவைக்கும், தளர்ந்த முதியோர் கதிருக்கும் அனுப்பப்பட்டு வந்தனர். முதலிலேயே ஏறுமாறான தராசில் நிறுத்து என்ன பயன்? திருவுளச்சீட்டு முறையில் நோயாளிகளை இரண்டாகப் பிரிப்பதே நேர்மையான வழி. மருந்து பெற்றுவந்த நோயாளிகளை அவ்வாறு பிரித்துப் பார்க்க, 2007இல் பிரிட்டனில் ‘ஸ்பேர்’ என்ற ஆய்வு தொடங்கியது. முப்பது மாதங்களில் சேர்ந்தவர் 45 பேரே! அறுவை என்று சீட்டு விழுந்த 25 பேரிலும் அறுவர் கதிர்ச் சிகிச்சையே பெற்றனர். 2010இல் ஆய்வு நின்றுபோயிற்று. தன் உடலுறுப்பு இருப்பதா போவதா என்பதைச் சீட்டுக்கு விட எவர் மனம்தான் எளிதில் துணியும்?

பின்னர், இரு முறைகளுக்கும் தகுதியுள்ள 722 பேரின் பழைய பதிவுகளை அமெரிக்க, கனடா மருத்துவர்கள் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டனர். அறுவை பெற்றோர் 440. மருந்தோடு கதிர் பெற்றோர் 282. வயது முதலிய வேறுபாடுகளைக் கணக்கியல் முறையில் சமன்செய்து பார்த்தபோது, ஐந்தாண்டுகள் வரை நோய் பிற உறுப்புகளுக்குப் பரவாதிருந்தோர் முறையே 74, 75 விழுக்காடு. கதிர் பெற்றோரில் 13 விழுக்காட்டினருக்குப் பின்னர் பையை அகற்ற நேர்ந்தது. இருப்பினும், இவர்கள் அனைவரும் 7 செ.மீ.க்குக் குறைந்த ஒற்றைக் கட்டி உடையோர் என்பதையும், இது சீட்டுமுறை ஆய்வன்று என்பதையும் மறத்தலாகாது.

எனவே, தகுதியுடைய நோயாளிக்குக் கதிர்வழி இரண்டாந்தர வழியன்று என்று கூறலாம். அறுவை மருத்துவர், கதிர் மருத்துவர் ஆகிய இருவரையும் கண்டு, இரண்டின் நன்மை தீமைகளையும் கேட்டறிந்த பின்னரே நோயாளி முடிவு செய்தல் வேண்டும். ஆயுள் ஏறத்தாழ ஒன்றாகும்போது, எவ்வகை வாழ்வு வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கே உரியது.