குடும்ப ஆவணங்களும் நினைவு மலர்களும்

மணிவிழா, முத்துவிழா போன்ற நிகழ்ச்சிகளையொட்டிக் குடும்ப வரலாற்றை மலராக அச்சிட்டு உறவினர்க்கு வழங்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களிடையே உண்டு. கொடிவழிப் பட்டியல், முன்னோர் ஒளிப்படங்கள், பழைய கிரயச் சீட்டு ஒன்றின் படம் ஆகியவை இவற்றில் தவறாது இடம்பெறும். ஆனால் அச்சீட்டு பெரும்பாலும் அணிகலனாகவே நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் சுருக்கி அச்சிடப்பட்ட அதனை எவரும் படிப்பதில்லை. படிக்கும் வண்ணம் எழுதித் தருவாரும் அரியர். ஓர் ஆவணத்தைப் படித்து எழுதி வைப்பது அதனைப் பூச்சியினின்றும் ஈரத்தினின்றும் காப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த பணியன்று. பழைய எழுத்தையும் குறிகளையும் அறிந்த முதியோர் மறையுந்தோறும், பெட்டியில் பத்திரமாயிருக்கும் ஏடும் ஊமையாகிவிடுகிறது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பு இதற்குத் தக்க சான்றாகும். துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநராயிருந்த காலத்தில் தலைமைத் துபாசியாய் விளங்கிய அவர் 1736 முதல் தம் இறுதிக் காலம் வரை எழுதிய குறிப்புகள், அவர் மறைந்து ஏறத்தாழ 85 ஆண்டுகள் குடும்பத்தாரிடமே கிடந்தன. 1846இல் கலுவா-மோம்பிரோன் அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் என்பாரும் ஒரு படி எடுத்தார். பின்னர்ச் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் அரசியலுக்கு மட்டுமன்றி, அக்காலத்துப் பேச்சுத் தமிழுக்கும் அதில் கலந்திருந்த பிறமொழிச் சொற்களுக்கும் இன்று அதுவே பெருஞ்சான்று. குடும்பத்தார் எறிந்துவிடாமல் வைத்திருந்தது முதற்பேறு. படிக்கத் தெரிந்தவர் கையில் அது உரிய காலத்தில் சேர்ந்தது அடுத்த பேறு. நாட்குறிப்பில் இடையிடையே காணப்படும் இடைவெளிகள், அப்பேறு முழுமையாக வாய்க்கவில்லை என்பதையும் காட்டுகின்றன.

எளிய குடும்பத்துச் சீட்டுகளைப் படிக்கப் புகுவார் முதலில் இடர்ப்படுவது காலக்குறிப்பில்தான். ‘விரோதி வருடம் தை மாதம்’ என்று மட்டும் ஒரு சீட்டில் காணப்படுவதாகக் கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் விரோதி 1889, 1949, 2009 ஆகிய ஆண்டுகளில் சித்திரையில் பிறந்தது. தாளில் விக்டோரியா அரசியின் தலையுருவம் பொறித்த முத்திரை இருப்பின் முதலாவதே பொருந்தும். அவ்வாறாயினும் அச்சீட்டின் ஆண்டு 1889 அன்று. தை மாதம் ஆங்கில ஆண்டில் 1890 சனவரி, பிப்ரவரிக்கு உரியது. நினைவு மலர்களில் இவ்வோராண்டுப் பிழை எளிதில் நேரக்கூடியது. உடன் கட்டப்பட்ட தீர்வை இரசீதில் பசலி 1299 என்றோ, தென்பாண்டிப் பகுதியாயின் கொல்லம் 1065 என்றோ இருந்தால் ஐயம் முற்றும் நீங்கும். பசலியுடன் 590ஐக் கூட்ட, அந்த ஆண்டு சூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஒரு கட்டிலுள்ள தாள்களைப் பிரித்து அழகானதை மட்டும் எடுத்துச் சட்டமிடுவோர், இத்தகைய துணைச் சான்றினை அறியாமலே இழந்துவிடுகின்றனர்.

அடுத்து வருவன எண்களும் அளவுகளும். ஆண்டு, மாதம், நாள், வரவு, பற்று, மேற்படி ஆகியவற்றிற்குத் தனிக்குறிகள் வழங்கின. கால், அரைக்கால், மாகாணி (1/16), காணி (1/80), முந்திரி (1/320) எனப் பின்னங்களுக்கும் வரிவடிவங்கள் உண்டு. நிலத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியில்லாமலும், எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடின்றியும் எழுதுவது பழைய கையெழுத்தின் இயல்பு. ஆதலின் ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றை ஊகத்தால் திருத்தாமல், உள்ளவாறே ஒரு வரியும் இக்கால வழக்கில் ஒரு வரியுமாக எழுதுதல் வேண்டும். ஐயமுள்ள எழுத்தைப் பகர அடைப்பில் காட்டுவதும், சிதைந்த இடத்தை நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டுவதும் பதிப்பாசிரியர் கைக்கொள்ளும் முறைகள். குடும்ப மலருக்கும் அவை மிகையல்ல.

ஆவணத்தின் கடைசிப் பகுதியை விட்டுவிடும் போக்கும் உண்டு. எழுதப்படிக்கத் தெரியாதவர் கையொப்பத்திற்கு ஈடாக இட்ட குறி ‘தற்குறி’ எனப்பட்டது. அச்சொல்லே பின்னர்க் கல்லாதவரைச் சுட்டும் வசைச்சொல்லாயிற்று. பாட்டனார் தற்குறியிட்டார் என்பதனை இழுக்காகக் கருதிச் சில குடும்பத்தார் அப்பக்கத்தை அச்சிட விரும்புவதில்லை. கைநாட்டு வைத்தே ஒருவர் நிலம் வாங்கினார் என்பது மறைக்கத்தக்க செய்தி ஆகாது. சாட்சிகளும் எழுதியவரும் பெயர் பெறுவது அப்பகுதியில்தான். கொடிவழியில் இடம்பெறாத பெண்களும் ‘இன்னார் பாரியாள்’ என்று அங்கு விற்போராகவோ வாங்குவோராகவோ தோன்றக் காணலாம். ஆண்வழி மட்டும் வரையப்பட்ட பட்டியலைத் திருத்த இவ்வரிகளே உதவும்.

பொருளைக் காக்கும் முறைகள் எளியவை. மூலத்தைச் சுவரில் தொங்கவிடலாகாது. ஒளி மையையும் படத்தையும் வெளிறச் செய்யும். நகலைச் சட்டமிடுக. வெப்பத்தால் ஒட்டும் ஞெகிழி உறை கேடு தரும். பின்னர் அதனைப் பிரிக்க இயலாது. ஒட்டுநாடா மஞ்சள் கறையை விட்டுச்செல்லும். மடித்த தாளை மெல்ல விரித்து, அமிலமற்ற தாளுறையில் இட்டுக் கிடையாக வைத்தல் நன்று. எண்ணிட வேண்டின் பென்சிலையே கையாளவேண்டும். ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது மரபு. அதனைத் தாளில் தடவினால் தாள் கெடும். உதிரும் நிலையிலுள்ள ஓலையைத் தேர்ந்த கைகளிடம் விடுவதே முறை.

மலர் அச்சாகுமுன் ஒவ்வொரு தாளும் எப்பெட்டியில், எதனுடன், யாரிடமிருந்து கிடைத்தது என்பதனை ஒரு சுவடியில் குறித்துவிட வேண்டும். பாகப்பிரிவினையில் பத்திரக்கட்டு உடன்பிறந்தாரிடையே சிதறுவதுண்டு. எனவே மூலம் யாரிடம் உள்ளது என்பதும் மலரில் அச்சிடத்தக்கதே. முழுக்கட்டின் மின்படங்களையும் எழுதிய பாடத்தையும் குடும்பத்திற்கு வெளியே ஓரிடத்தில் ஒப்படைத்தல் நலம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் துணையுடன், தனியார் வீட்டுப் பத்திரங்களைப் படமெடுத்துப் பதிவு செய்துள்ளது. அத்தகைய பணியில் மூலத்தைக் கைவிட வேண்டியதில்லை. படமெடுத்த பின் ஏடு மீண்டும் உரியவரின் பெட்டிக்கே திரும்புகிறது.