உரசினால் கரண்டு! பேட்டரி தீராத 'பேஸ்மேக்கர்' வருமா?

பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரினால் முடி தூக்கிக்கொண்டு நிற்கும். இருட்டில் பாலியஸ்டர் சட்டையை கழற்றினால் சடசடவென்று பொறி பறக்கும். எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். இந்த உரசல் கரண்டை பிடித்து வேலை வாங்க முடியுமா? முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா தொழில்நுட்ப கல்வி நிறுவனத்தில் இதற்கான கருவி பிறந்தது. சீனாவில் பிறந்த பேராசிரியர் சோங் லின் வாங் குழுவினர் 2012-ம் ஆண்டு இதை அறிவித்தனர்.

தப்பில் பிறந்தது

இது பிளான் போட்டு செய்தது அல்ல என்பதுதான் வேடிக்கை. அழுத்தினால் மின்சாரம் தரும் வேறு ஒரு கருவியைத்தான் அவர்கள் சோதித்துக்கொண்டு இருந்தனர். அதில் ஒன்று மட்டும் எதிர்பார்த்ததை விட அதிக மின்சாரம் கொடுத்தது. காரணத்தை தேடினால், சரியாக பொருத்தாததால் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பரப்புகள் உரசிக்கொண்டு இருந்தது தெரியவந்தது!

எப்படி ஓடுகிறது?

இரண்டு வெவ்வேறு ரக பிளாஸ்டிக் தாள்கள். இரண்டுக்கும் முதுகில் உலோகப்பூச்சு. தாள்கள் தொட்டதும் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் தாவும். பிரித்தால் ஒயர் வழியாக கரண்டு பாயும். திரும்ப சேர்த்தால் எதிர்ப்பக்கமாக பாயும். செருப்புக்குள் வைத்து நடந்தால், அடிக்கு அடி இதே கதைதான். குட்டி எல்.இ.டி. விளக்குகளை இப்படி எரிய வைத்தும் காட்டிவிட்டார்கள்.

அதற்காக வீட்டு பேன் சுற்றும் என்று நினைத்துவிட வேண்டாம். வோல்டேஜ் நூற்றுக்கணக்கில் வரும். ஆனால் கரண்டின் அளவு ரொம்ப ரொம்ப கம்மி. காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் குறையும். கரண்டு பில் மிச்சமாகும் என்று யாராவது இதை விற்க வந்தால் உஷார்!

பன்றிக்கு சோதனை

ஆனால் கொஞ்சம் கரண்டே போதும் என்கிற இடங்கள் உண்டு. தொட்டால் சிக்னல் தரும் சென்சாருக்கு தனி பேட்டரி தேவை இல்லை. தொடுவதே கரண்டு ஆகிவிடும்.

முக்கியமானது இதயத்துக்கு வைக்கும் 'பேஸ்மேக்கர்'. இப்போது பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் நெஞ்சுப்பகுதியில் கத்தி வைத்து கருவியை மாற்ற வேண்டும். வயதானவர்களுக்கு இது பெரிய அவஸ்தை. செலவு வேறு.

2019-ம் ஆண்டு சீன விஞ்ஞானிகள் உரசல் கருவியை ஒரு பன்றியின் உடலுக்குள் வைத்தனர். இதயம் துடிக்க துடிக்க கரண்டு சேர்ந்தது. ஒரு துடிப்பில் கிடைத்த சக்தி, இதயத்தை ஒரு தடவை தூண்டிவிட போதுமானதாக இருந்தது. தாறுமாறாக இருந்த துடிப்பும் சீரானது.

ஆனால் பன்றிக்கு செய்த சோதனை வேறு, மனுஷன் நெஞ்சில் வருஷக்கணக்கில் கிடப்பது வேறு. நம் இதயம் ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. 10 வருஷத்துக்கு கணக்கு போட்டால் 36 கோடியை தாண்டும். அத்தனை அடிக்கும் அந்த மெல்லிய தாள் தேயாமல் இருக்க வேண்டும்.